ஒரு செடி, பல சட்டங்கள்



நாம் பாடம் சொல்லிக்கொடுக்கும் தோட்டம் ஜொகூரில் இருக்கிறது. அங்கிருந்து சிங்கப்பூரின் கிராஞ்சி வட்டாரம் அதிக தூரமில்லை. விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே லயத்து வாசல்களில் மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கிவிடும். ஒரு காலத்தில் அந்த நேரத்துக்குப் பிரட்டுக்குப் போவதற்காக விளக்கேற்றினார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பாலம் கடந்து வேலைக்குப் போவதற்காக விளக்குப் போடுகிறார்கள்.

2023ஆம் ஆண்டில் ஒரு நாள், பெற்றோர் கூட்டம் முடிந்தபின், ஒரு தாயார் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். அவருடைய இளைய மகன் நம்மிடம் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். மூத்தவனுக்குக் கிராஞ்சியில் ஒரு தொழிற்சாலையில் வேலை.

"சார், பெரியவன் போன மாசம் கூட்டாளிங்களோட ஹாட்யாய் போய்ட்டு வந்தான். அங்கே கஞ்சாவைக் கண்ணாடி அலமாரியில வெச்சு விக்கிறாங்களாம். நம்ம ஊர்ல அதை வெச்சிருந்தா போலீஸ் புடிக்குது. பாலத்துக்கு அந்தப் பக்கம் போனா தூக்குங்கிறாங்க. செடி ஒண்ணுதானே சார்? சட்டம் மட்டும் ஏன் மூணு விதமா இருக்கு?" என்று கேட்டார்.

அன்று ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டோம். வீட்டுக்கு வந்தபின் யோசித்துப் பார்த்தபோது, நாம் சொன்னது பதிலே அல்ல என்று தோன்றியது. அந்தக் கேள்விக்குள் நம்முடைய பாட்டன் பூட்டன் கதையும் அடங்கியிருக்கிறது. அதைத்தான் இன்று உங்களோடு பேச எண்ணியிருக்கிறோம்.

முதலில் கிராஞ்சியையே எடுத்துக்கொள்வோம். கிராஞ்சி என்பது ஒரு மரத்தின் மலாய்ப் பெயர். அந்த மரத்தின் பழத்தைப் பழைய ஆட்கள் பறித்துத் தின்றிருப்பார்கள். கருத்த மெல்லிய ஓடும், உள்ளே புளிப்பும் இனிப்புமான சதையும் இருக்கும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், கிராஞ்சி ஆற்றங்கரையில் சீனர்கள் காடழித்துக் காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். பிறகு சிங்கப்பூரின் வட பகுதியெங்கும் பால்மரம் வந்தது. பால்மரத்தோடு தமிழரும் வந்தார்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் நீரிணையைக் கடந்து இறங்கிய இடங்களில் கிராஞ்சியும் ஒன்று. அங்குள்ள போர் நினைவகத்தின் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் எத்தனையோ நம்மவர் பெயர்கள். மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோது, தங்கள் தாத்தாவின் பெயரைத் தேடி நின்ற பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். இன்று கிராஞ்சியில் தோட்டங்கள் இல்லை. தொழிற்சாலைகளும், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளும், ஜொகூரிலிருந்து வரும் பேருந்துகள் வந்து நிற்கும் ரயில் நிலையமும் இருக்கின்றன.

சிங்கப்பூரில் கஞ்சாவின் கதை இந்தப் பால்மரங்களுக்கும் முந்தியது. ஆங்கிலேயர் அங்கே கொடியேற்றிய ஆறாவது ஆண்டில், அதாவது 1825 ஏப்ரலில், பென்கூலனிலிருந்து 80 கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் சென்னை ராஜதானியைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் பின் ஆயிரக்கணக்கில் கைதிகள் வந்தார்கள். சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், ஆண்ட்ரூ தேவாலயத்தையும் ஆளுநர் மாளிகையையும் கட்டினார்கள். அந்த மாளிகைதான் இன்று சிங்கப்பூர் அதிபரின் இஸ்தானா. கைதிகளோடும், அவர்களுக்குப் பின் வந்த கூலிகள், சலவைக்காரர், மாட்டு வண்டிக்காரர் ஆகியோரோடும் ஊர்ப் பழக்கங்களும் கப்பலேறி வந்தன. அவற்றில் பங்கியும் ஒன்று.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் சொல்லிவிட்டால் பின்னால் சொல்லப்போவது எளிதில் விளங்கும். செடி ஒன்றுதான். அதன் இலையை அரைத்துக் குடிப்பதும் உருண்டையாக உண்பதும் பங்கி. பெண் செடியின் பூங்கொத்தை உலர்த்திப் புகைப்பது கஞ்சா. செடியில் கசியும் பிசினைத் திரட்டி எடுப்பது சரஸ். சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் இச்செடியைச் சுத்தி செய்து மருந்தில் சேர்க்கும் முறையும் உண்டு. நம் முன்னோர் இவற்றை வெவ்வேறு பொருளாகவே எண்ணினார்கள். வடநாட்டில் ஹோலிப் பண்டிகையன்று பங்கி குடிப்பவர்களில் பலர் கஞ்சா புகைப்பவனைத் திண்ணையில் உட்காரவிடமாட்டார்கள்.

சிங்கப்பூரில் ஆங்கில அதிகாரிகள் ஆரம்பத்தில் இதைத் தடுக்கவில்லை. தடுப்பதற்குப் பதிலாகக் குத்தகைக்கு விட்டார்கள். அபினுக்கு ஒரு குத்தகை, சாராயத்துக்கு ஒரு குத்தகை, கள்ளும் பங்கியும் சேர்ந்து ஒரு குத்தகை. ஏலத்தில் அதிகத் தொகை கேட்டவருக்கு விற்கும் உரிமை. குத்தகைப் பணம் சர்க்கார் கஜானாவுக்கு. துறைமுகத்தில் சுங்கம் வாங்காத ஊர் அது. அப்படியானால் அரசாங்கம் எதைக் கொண்டு நடந்தது என்று கேட்டால், பெரும்பகுதி இந்தக் குத்தகைகளைக் கொண்டுதான்.

பிறகு 1870ஆம் ஆண்டு வந்தது. சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் கஞ்சா தடை செய்யப்பட்டது. இந்தியக் கூலிகளிடையே அது பரவுகிறது, அபினைவிடக் கெடுதலானது, வேலை கெடுகிறது என்று அதற்குக் காரணம் சொன்னார்கள்.

இங்கே சற்று நிற்க வேண்டும். கூலியின் உடம்பின் மேல் அவ்வளவு அக்கறை வந்துவிட்டதா? அதே ஊரில் அபின் விற்பனை நின்றதா? நிற்கவில்லை. குத்தகைக்காரர்களிடமிருந்து அபின் வியாபாரத்தை 1910இல் அரசாங்கமே தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பாசிர் பாஞ்சாங்கில் அபினைப் பொட்டலம் போட ஓர் ஆலையே நடந்தது. அங்கே உள்ள குன்றை இன்றும் புக்கிட் சண்டு, அதாவது அபின் குன்று, என்றுதான் அழைக்கிறார்கள். உலகப் போர் வரையில் சர்க்கார் முத்திரையோடு அபின் விற்றது. தோட்டங்களில் கள்ளுக்கடை நடந்தது. சம்பள நாளன்று அந்தக் கடை வாசலில் எத்தனை வீட்டு அரிசியும் பருப்பும் கரைந்தன என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உங்கள் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். 1947ஐ ஒட்டிய ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் அந்தக் கடைகளின் முன் மறியல் செய்தது இதனால்தான். வரி தந்த போதை தொடர்ந்தது. அவ்வளவாக வரி தராமல் வேலையையும் கெடுத்த போதைக்குத் தடை வந்தது. 1870ஐப் பற்றி நமக்குத் தோன்றுவது இதுதான்.

இதை நாம் குதர்க்கமாகச் சொல்வதாக எண்ணவேண்டாம். அதே 1870ஆம் ஆண்டில், கடல் கடந்து இன்னொரு இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்ற ஆங்கிலக் குடியேற்றத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தில் 300க்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. நம் மொழியில் சொன்னால் சஞ்சிக்கூலிகள். பத்து ஆண்டுகள் கழித்து அங்கே கூலிகள் பற்றிய சட்டங்களை ஒன்றாகத் தொகுத்தபோது, அதில் கஞ்சாவைப் பற்றியும் ஒரு பிரிவு சேர்த்தார்கள். கூலிகள் அதைப் புகைக்கக்கூடாது, வைத்திருக்கக்கூடாது. எவரும் கூலிகளுக்கு விற்கவோ கொடுக்கவோ கூடாது என்பது அந்தப் பிரிவு. அந்நாட்டின் ஆப்பிரிக்க மக்கள் 'டாகா' என்ற பெயரில் அதே செடியை வெகு காலமாகப் புகைத்து வந்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் கூலிகளைப் பற்றியது. செடியை மட்டும் அது தடுக்கவில்லை. யார் கையில் செடி இருக்கிறது என்பதையும் பார்த்தது.

மேற்கிந்தியத் தீவுகளிலும் இதைப் போன்ற கதைதான். ஜமேக்காவுக்கு 1845இல் முதல் இந்தியக் கூலிக் கப்பல் போனது. அந்தத் தீவில் ஆங்கிலம் பேசும் கறுப்பின மக்கள் இன்றும் இச்செடியை 'கஞ்சா' என்றே சொல்கிறார்கள். தாய்மொழியை மறந்துவிட்ட அந்த இந்தியர்கள் அத்தீவுக்குக் கொடுத்த சொற்களில் இதுவும் ஒன்று! 1913இல் அங்கே தடைச் சட்டம் வந்தது.

அப்படியானால் இந்தியாவில் என்ன நடந்தது? அங்கேயும் ஆண்டது அதே ஆங்கில அரசுதான். அங்கே கஞ்சாவைத் தடுக்கவில்லை. லைசென்ஸ் கொடுத்து வரி வாங்கினார்கள். வங்காளத்தில் நௌகாவ் என்ற ஊரைச் சுற்றி அரசாங்க மேற்பார்வையில் கஞ்சா பயிரானது. சென்னை ராஜதானியில் வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையிலும் பயிரிட்டார்கள். ஆக, ஜவ்வாது மலை அடிவாரத்தில் வரி கட்டிய பொட்டலத்தை வாங்கியவன் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகன். அவனே கூலிக் கப்பல் ஏறி டர்பனில் இறங்கினால் குற்றவாளி. அந்தத் தாயார் 2023இல் கேட்ட கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டியது.

கேள்வி எழத்தான் செய்தது. ஆனால் லண்டனில் எழுந்தது. 1893 மார்ச்சில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர், இந்தியாவில் கஞ்சாவை விற்க அனுமதிப்பது மக்களைக் கெடுப்பதாகாதா என்று வினவினார். அதன் விளைவாக ஒரு விசாரணைக் குழு அமைந்தது. மாக்வொர்த் யங் என்பவர் தலைவர். 1893, 1894 ஆகிய ஆண்டுகளில் அக்குழு மாகாணம் மாகாணமாகச் சுற்றி 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கியது. அறிக்கை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. மொத்தம் 3,000 பக்கங்களுக்கும் மேல்.

அக்குழு செய்த வேலைகளில் நமக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறோம். கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பது அன்று எல்லோரும் சொன்ன பேச்சு. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளிலும் அப்படித்தான் இருந்தது. எத்தனையோ நோயாளிகளின் பெயருக்கு எதிரே, நோய்க்குக் காரணம் என்ற கட்டத்தில், கஞ்சா என்று எழுதியிருந்தது. குழுவினர் அந்தக் கட்டத்தை அப்படியே நம்பவில்லை. அதை யார் நிரப்பியது என்று தேடிப் போனார்கள். பல இடங்களில் நிரப்பியவர் டாக்டர் அல்லர். நோயாளியைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரர். காரணம் தெரியாவிட்டாலும் கட்டத்தைக் காலியாக விட முடியாது; ஆகவே கஞ்சா என்று எழுதிவிட்டார். குழுவினர் ஒவ்வொரு நோயாளியாக மறுபடியும் விசாரித்தபோது, பதிவேட்டில் கஞ்சாவின் தலையில் போட்ட பழி பெரும்பாலும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டை நிரப்பிப் பழகிய நமக்கு, ஒரு கட்டத்தைச் சும்மா விட முடியாத அந்தப் போலீஸ்காரரின் சங்கடம் நன்றாகவே புரிகிறது.

மிதமாகப் பயன்படுத்துவோருக்குப் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் கெடுதல் உண்டு, முழுத்தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்று குழு முடிவு சொன்னது. தடுத்தால் ஜனங்கள் சாராயத்துக்கோ ஊமத்தைக்கோ திரும்பிவிடலாம் என்ற அச்சமும் சொல்லப்பட்டது. வரி வாங்கும் அரசாங்கம் அமைத்த குழு என்பதையும் மறந்துவிடலாகாது. இன்றைய மருத்துவம், வளரும் வயதில் தொடர்ந்து கஞ்சா புகைப்பவர்களுக்கு ஞாபகமும் படிப்பும் கெடுவதையும், சிலருக்கு மனநோய் வரும் ஆபத்துக் கூடுவதையும் எடுத்துக் காட்டியிருக்கிறது. நம் தோட்டத்திலேயே, கெட்டிக்காரனாக இருந்த ஒரு பையன் படிவம் மூன்றில் புகைக்கப் பழகி, படிவம் நான்கை முடிக்காமல் போனதை நாம் கண்ணால் கண்டோம். ஆகவே 1894ஆம் ஆண்டு அறிக்கையைக் காட்டி எவரேனும் உங்கள் பிள்ளையிடம் வாதாடினால், அது நூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய கணக்கு என்று சொல்லுங்கள்.

அந்த அறிக்கை அலமாரிக்குள் போய்விட்டது. உலகம் நேட்டால் காட்டிய வழியில் சென்றது. 1923இல் தென்னாப்பிரிக்க அரசாங்கம், அபினைப் போலக் கஞ்சாவையும் சர்வதேசத் தடைப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று சர்வதேச சங்கத்துக்கு எழுதியது. எகிப்து நாடும் ஜெனீவா மாநாட்டில் அதையே வற்புறுத்தியது. 1925ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தில் 'இந்தியச் சணல்' என்ற பெயரில் நம் செடி ஏறிவிட்டது. 1961இல் ஐக்கிய நாடுகள் சபையின் பெரிய ஒப்பந்தம் வந்தது. மருத்துவமும் ஆராய்ச்சியும் தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டையும் 25 ஆண்டுகளுக்குள் நிறுத்திவிட வேண்டும் என்பது அதன் விதி. கூலி லயத்தில் தொடங்கிய தடை உலகத்துக்கே விதியாகிவிட்டது.

இந்தியா என்ன செய்தது? கெடு முடிய நான்கு ஆண்டுகள் இருக்கும்போது, 1985 நவம்பர் 14ஆம் தேதி போதைப் பொருள் தடைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் சட்டத்தில் கஞ்சா என்றால் என்ன என்று எழுதிய இடத்தில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. பூங்கொத்து குற்றம், பிசின் குற்றம், பூங்கொத்து சேராத தனி இலையும் விதையும் அந்தச் சொல்லுக்குள் வராது. 1961 ஒப்பந்தத்திலும் இலைக்கு அப்படியே இடம் விட்டிருந்தார்கள். ஆகவே பங்கி தப்பித்தது. ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க லைசென்ஸ் பெற்ற பங்கிக் கடைகளை இன்றும் காணலாம். தமிழ்நாட்டில் அப்படியில்லை, 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமே போதைப் பொருள்களையும் சேர்த்துத்தான் தடுத்தது. ஒரே தேசத்துக்குள்ளேயே சட்டம் மாறுகிறது பாருங்கள்.

இனி நம் வாசலுக்கு வருவோம்.

மலாயாவில் 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப் பொருள் சட்டம் வந்தது. 1975இல் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கலாம் என்று திருத்தினார்கள். 1983இல் விதித்தே தீரவேண்டும் என்று இறுக்கினார்கள். 200 கிராம் கஞ்சா கையில் இருந்தால் கடத்தல்காரன் என்றே சட்டம் அனுமானிக்கும். 2023 ஜூலை 4ஆம் தேதி முதல் கட்டாயத் தூக்கு நீங்கியிருக்கிறது. தூக்கா, ஆயுள் சிறையும் பிரம்படியுமா என்பதை நீதிபதி தீர்மானிக்கலாம். தூக்கு என்ற தண்டனை சட்டத்தில் இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

சிங்கப்பூரில் 1971இல் போதைப் பொருள் ஒழிப்புப் பிரிவை அமைத்தார்கள். 1973இல் இப்போதுள்ள சட்டம் வந்தது. ஹெராயினுக்கு 1975இல் வந்த தூக்குத் தண்டனை, கஞ்சாவுக்கு 1990 முதல் அமலுக்கு வந்தது. 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. 2013 முதல் ஒரு சிறு சன்னல் திறந்திருக்கிறது. வெறுமனே சுமந்து வந்தவன் என்பது நிரூபணமாகி, கடத்தல்காரர்களைப் பிடிக்கப் பெரிதும் உதவினான் என்று அரசாங்க வழக்குரைஞர் சான்றிதழும் கொடுத்தால், ஆயுள் சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். 15 கிராமுக்கு மேல் வைத்திருந்தாலே விற்பதற்காக வைத்திருந்ததாக அனுமானம். இலை, பூ, தண்டு என்ற வேறுபாட்டை அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. செடியின் எந்தப் பாகமானாலும் கஞ்சாதான். இந்தியாவில் லைசென்ஸ் கடையில் வாங்கிய பங்கி உருண்டை சிங்கப்பூரில் குற்றப் பொருள்.

இப்போது ஓர் எண்ணைக் கவனியுங்கள். இந்தியச் சட்டத்தில் 1 கிலோ வரையிலான கஞ்சாவுக்குப் பெயர் 'சிறிய அளவு'. அதற்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். வியாபார அளவு என்று கணக்கிடுவது 20 கிலோவிலிருந்து. சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் 26ஆம் தேதி 46 வயதுத் தமிழர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். வழக்கில் சொல்லப்பட்ட கஞ்சாவின் எடை 1,017.9 கிராம். அவர் கையில் பொருள் பிடிபடவில்லை. தொலைபேசி எண்களையும் மற்றச் சாட்சியங்களையும் கொண்டு, கடத்தலுக்கு உடந்தை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்தார் கருணை மனுப் போட்டார்கள், ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் மறுபரிசீலனை செய்யக் கேட்டது. குற்றம் ஐயமற நிரூபணமாயிற்று என்பது அரசாங்கத்தின் பதில். அந்தச் செய்தி வந்த வாரம் லயத்தில் யாரும் உரக்கப் பேசவில்லை. அந்தத் தாயார் நம்மிடம் வந்ததும் அதற்குச் சில வாரங்களுக்குப் பின்தான்.

கடுமையான சட்டம் இருப்பதால்தான் எங்கள் பிள்ளைகள் தப்பினார்கள் என்று சிங்கப்பூரில் உள்ள நம் உறவினர் பலர் நம்புகிறார்கள். தூக்கில் தொங்குவது சுமந்து வந்த ஏழை, அனுப்பி வைத்த முதலாளி அல்லன் என்று வேறு பலர் சொல்கிறார்கள். இரண்டாவது பேச்சில் நமக்கு மறுப்பில்லை. இந்தச் சட்டங்கள் மாறவேண்டும் என்றால் மாற்றவேண்டியவர்கள் அந்தந்த நாட்டு மக்கள். அதுவரையில் மோட்டாரில் பாலம் கடக்கும் பையனுக்குக் கிராம் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாய்லாந்தின் கதை இன்னும் புதிது. அங்கேயும் நெடுங்காலம் கடுமையான தடைதான் இருந்தது. 2018 இறுதியில் மருத்துவத்துக்கு அனுமதித்தார்கள். 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாவைப் போதைப் பொருள் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள். விற்பனையை ஒழுங்குபடுத்தும் முழுச் சட்டம் வருவதற்கு முன்பே தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்துவிட்டன. அந்தத் தாயாரின் மகன் பார்த்தது அதைத்தான். 2025 ஜூனில் மறுபடியும் கயிற்றை இறுக்கி, மருத்துவச் சீட்டு இல்லாமல் பூவை விற்கக்கூடாது என்று உத்தரவிட்டார்கள். மூன்று ஆண்டுக்குள் இத்தனை திருப்பம். கனடா 2018இலும் ஜெர்மனி 2024இலும் வயது வந்தோர் சிறு அளவு வைத்திருக்க அனுமதித்தன. ஜமேக்காவில் 2015 முதல் இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருந்தால் சிறையில்லை. நேட்டால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2018 செப்டம்பரில் தென்னாப்பிரிக்க அரசியல் சட்ட நீதிமன்றம், வயது வந்தவர் தனிமையில் பயன்படுத்துவதைக் குற்றமாக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. சஞ்சிக்கூலிக்கு 1870இல் போட்ட பூட்டு, அந்த ஊரில் 148 ஆண்டுகளுக்குப் பின் திறந்தது. சிங்கப்பூரில் அதே ஆண்டு போட்ட பூட்டு மேலும் மேலும் கனமாகியிருக்கிறது.

ஹாட்யாயில் அனுமதி இருந்தால் அங்கே போய்ப் புகைத்துவிட்டு வரலாமே என்று நினைப்பவர்கள் உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும், உள்நாட்டில் உட்கொண்டதாகவே வைத்துத் தண்டிக்க 1998 முதல் சட்டம் இடம் தருகிறது. பத்து ஆண்டு வரை சிறையோ, 20,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். நம் தோட்டத்துப் பையன்களில் சிலர் அங்கே நிரந்தரவாசம் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் காதில் இது விழவேண்டும்.

இன்னொன்று, இது எல்லோருக்கும் பொருந்துவது. பை உங்கள் கையில், பைக்குள் பொருள் என்றால், பொருள் உங்களுடையது, அது இன்னதென்று உங்களுக்குத் தெரியும் என்று சிங்கப்பூர்ச் சட்டம் அனுமானிக்கும். மலேசியச் சட்டத்திலும் இதைப் போன்ற அனுமானம் உண்டு. தெரியாது என்று சொன்னால் போதாது. தெரியாது என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஒருவன் தனக்குத் தெரியாது என்பதை எப்படி நிரூபிப்பான்? பெரிய வழக்கறிஞர்களே திணறும் இடம் அது.

நம் பழைய மாணவன் ஒருவன் சொன்னான். ஜொகூர் பாருவில் கிராஞ்சிப் பேருந்துக்கு வரிசையில் நின்றபோது, அறிமுகமில்லாத ஒருவர் தமிழில் பேச்சுக் கொடுத்தாராம். எந்தத் தோட்டம் தம்பி என்று அன்பாகக் கேட்டாராம். பிறகு ஒரு பிஸ்கட் டின்னை நீட்டி, "கிராஞ்சி ஸ்டேசன்ல ஒரு அங்கிள் வந்து வாங்கிக்குவாரு, உனக்கு ஐம்பது வெள்ளி தருவாரு. உள்ளே சிகரெட்தான், பயப்படாதே" என்றாராம். வரி கட்டாத சிகரெட்டும் அங்கே குற்றம் என்பது பையனுக்குத் தெரிந்திருந்தது. மாட்டேன் என்று சொல்லிவிட்டு வரிசையில் நகர்ந்துவிட்டான். டின்னுக்குள் சிகரெட்டா வேறு எதுவுமா, அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. சுமார் ஒரு கிலோ கனம் இருந்தது என்று மட்டும் சொன்னான்.

பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். 1924இல் திறந்தார்கள். முன்பெல்லாம் அதைக் கடந்து சிங்கப்பூரைச் சுற்றிப்பார்க்கச் செல்பவர்கள் குடிநுழைவுத் துறையின் வெள்ளை அட்டை ஒன்றை நிரப்பவேண்டும். இப்போது அது கைப்பேசிக்குள் போய்விட்டது. பழைய அட்டை ஒன்று நம் மேசை இழுப்பறையில் கிடந்தது. அந்தத் தாயாரை மறுபடியும் வரச்சொல்லி, இங்கே உங்களுக்குச் சொன்னதையெல்லாம் சுருக்கமாக அவருக்கும் சொல்லி முடித்தபின், அட்டையை எடுத்துக் காட்டினோம். பின்பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. இது என்ன எழுதியிருக்கிறது சார் என்று கேட்டார். சிங்கப்பூர்ச் சட்டப்படி போதைப் பொருள் கடத்துவோருக்கு மரணம் என்று வாசித்துச் சொன்னோம். அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதைப் பெரியவனிடம் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி, முந்தானையில் முடிந்துகொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை; நாமும் கேட்கவில்லை.